கொம்பில்லாத எழுத்து

திருப்பதி
4-6-1961

அன்புள்ள தம்பி நாகேந்திரனுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன். பெயர் ஆதிநாராயணன். சத்தியவேட்டில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த முதியோர் இல்லத்தில் உங்கள் நைனா சின்னசாமிக்குப் பக்கத்துக் கட்டில் என்னுடையது. அவருக்கு எழுத்து தெரியாது என்பதால், அவர் கேட்டுக்கொண்டபடி நான் எழுதுகிறேன்.

நைனா நலம். வாதத்தில் வலப்பக்கம் விழுந்ததே தவிர, பேச்சுக்குக் குறைவில்லை. குறை சொல்வதாக எண்ண வேண்டாம். படுக்கை விரிப்பு மாற்றிப் பதினெட்டு நாள் ஆகிறது. நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன். நாலு பேருக்கு ஒரே பெட்பேன். கமிட்டிக்காரர்கள் வரும் நாளில் மட்டும் பினாயில் தெளிக்கிறார்கள். "இன்னிக்கு நம்ம ரூமுக்குக் கல்யாணம், வாத்தியாரே" என்பார் நைனா.

திரும்பிப் படுக்க முடியாததால் அவர் முதுகின் கீழே ஒரு சிறு புண் கண்டிருக்கிறது. மாலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். பயப்படும்படி இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பது பல சமயம் சரியாக இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஆதிநாராயணன்


சித்தூர்
11-6-1961

மரியாதைக்குரிய வாத்தியார் ஐயாவுக்கு நாகேந்திரன் வணக்கம்.

கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. என் மனைவி சந்திரம்மாவுக்கு இது எட்டாம் மாதம். பஸ் கம்பெனியில் லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஐந்து மாதமாக நைனாவைப் பார்க்க வர முடியவில்லை.

அந்தப் புண் மோசமானால் தயவு செய்து எழுதுங்கள். வேலை போனாலும் சரி, அன்றைக்கே வந்து நைனாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறேன். ஒரே அறைதான், இருந்தாலும் சமாளித்துக்கொள்வோம். அங்கே எனக்குக் கண் நீங்கள்தான் ஐயா.

நாகேந்திரன்


திருப்பதி
19-6-1961

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நைனாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். உடனே வர வேண்டிய அவசியமில்லை.

புண்ணைப் பற்றி மானேஜரிடம் போய்ச் சொன்னேன். "ராசி இவ்வண்டி, மாஸ்டாரு" என்றார். எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அதுவும் தெலுங்கில். சென்ற வருஷம் எங்கள் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த பிறகு, அறுபத்தெட்டாம் வயதில், ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி நானாகக் கற்ற தெலுங்கு என்னுடையது. சிலேட்டில் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு, நான்காம் முறை புகார்ப் புத்தகத்தில் எழுதினேன்: 'சின்னசாமியின் முதுகில் புண் இருக்கிறது, தயவு செய்து கவனிக்கவும்.'

மறுநாள் காலை அட்டெண்டர் முனிகிருஷ்ணன் இரண்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மருந்து இல்லை. நைனா பழத்தைப் பார்த்தார். "என்னா வாத்தியாரே, எம்முதுவுல பல்லு மொளச்சிருக்குதுன்னு நெனச்சிக்கினாங்களா, இத்தத் துன்றதுக்கு?" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அன்றிலிருந்து தினமும் பழம் வருகிறது. உடம்பு தேறினால் புண் தானாக ஆறும் என்ற வைத்தியமாக இருக்கலாம். நான் மருத்துவம் படித்தவனல்ல.

ஆதிநாராயணன்


சித்தூர்
2-7-1961

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மானேஜரும் கார்டு போட்டிருந்தார். கேட்டுக்கொண்டபடி தினமும் பழம் கொடுத்து வருகிறோம், கவலை வேண்டாம் என்று. "நம்ம வூட்ல இருந்தாக்கூட மாமாவுக்கு தெனம் பழம் குடுக்க முடியுமா?" என்கிறாள் சந்திரம்மா. பழம் கொடுத்துப் பார்க்கிறவர்கள் புண்ணைப் பார்க்காமலா இருப்பார்கள்? குழந்தை பிறந்த பிறகு நிதானமாக வருகிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நாகேந்திரன்


திருப்பதி
9-7-1961

தம்பி நாகேந்திரனுக்கு,

உடனே வாருங்கள். நைனாவை அழைத்துப் போய்விடுங்கள்.

"எறும்பு ஊர்ந்துக்கினே கீது, தட்டி வுடு வாத்தியாரே" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். எறும்பல்ல, புழு. புண் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது.

மானேஜரிடம் ஓடினேன். அவர் புகார்ப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பழம் கேட்டது நீங்கள்தானே என்றார். தெலுங்கில் புண்ணுக்குப் புண்டு, பழத்துக்குப் பண்டு. ப எழுத்தைப் பு ஆக்க அங்கே ஒரு கொம்பு போட வேண்டும். போட்டால் புண், போடாவிட்டால் பழம். நான் போடவில்லை. 'சின்னசாமியின் முதுகில் பழம் இருக்கிறது, கவனிக்கவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆபீசே சிரித்திருக்கிறது. கிழவனுக்குப் பழத்தில் ஆசை என்று முடிவு செய்துவிட்டார்கள். முதுகில் என்ன என்று வந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிழை அத்தோடு முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுத்தியிருப்பேன். உங்களுக்கு நான் எழுதியது தமிழில். அதில் எனக்கு எந்த எழுத்தும் விட்டுப்போகாது. அவசியமில்லை என்று எழுதிய அன்றே புண்ணில் நாற்றம் இருந்தது. பழம் வைத்தியமல்ல என்றும் உள்ளூரத் தெரியும். உண்மையை எழுதினால் நீங்கள் வந்து அழைத்துப் போய்விடுவீர்கள். என் மனைவி போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. அதன் பிறகு, காலையில் நான் கண் விழித்ததும் "எழுந்துட்டியா வாத்தியாரே" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்தக் குரலுக்காக அவரை அழுகவிட்டேன்.

இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஆதிநாராயணன்


சித்தூர்
30-7-1961

வாத்தியார் ஐயாவுக்கு,

நைனாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கெட்ட சதையை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் களிம்போடு போயிருக்கும் என்றும் சொன்னார்.

நான் வந்த அன்று நீங்கள் அறையில் இல்லை. கிணற்றடியில் நிற்கிறீர்கள் என்று முனிகிருஷ்ணன் சொன்னார். நான் தேடி வரவில்லை. ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவன் நான். பழம் என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டவனும் நான். உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவருக்கு நீங்கள் தினமும் தன் முதுகைத் துடைத்துவிட்டவர். அப்படியே இருக்கட்டும். இனி நீங்கள் எழுதினால் நான்தான் படிக்க வேண்டும். என் குரலை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகையால் எழுத வேண்டாம்.

"அந்த மனுசன் ஒண்டியா என்னா பண்ணிக்கினு கீறாரோ" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று ஒரு பொய் சொன்னேன். உங்கள் சொந்தக்காரர் யாரோ வந்து உங்களை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்றேன். நைனாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

நாகேந்திரன்