வெள்ளித்தாள் சத்தத்தில் கிடைத்த தாலி

நானா,

இன்று காலை வாசல் கூட்டும்போது, பேரன் தின்றுவிட்டுப் போட்ட சாக்லேட்டின் வெள்ளித்தாள் விளக்குமாற்றில் சிக்கியது. எடுத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி, அடக்கமும் ஆகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதியும் முடிந்துவிட்டதென்று உங்கள் ஊர் மடவளையிலிருந்து வரும் மீன்காரர் நேற்றுதான் சொன்னார். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. யார் சொல்வார்கள்? அண்ணனாக நினைத்து நானா என்று கூப்பிட்டாலும், நம் பழக்கமே ஒரு பகல்தானே.

பல வருஷத்துக்கு முந்தி, அந்த ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆப்பரேஷன். கண்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் நல்லபடி எழுந்து வரவேண்டுமென்றுதான் பதினெட்டன்று எங்கள் குண்டசாலைப் பெண்களோடு மகாவலி ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்ற உட்கார்ந்தேன். பழைய கயிற்றிலிருந்து தாலியை உருவிப் புதியதில் கோக்கும்போது மஞ்சள் ஈரத்தில் கை வழுக்கி அது மணலில் விழுந்துவிட்டது. தேடுகிறோமென்று பத்துப் பேர் மணலை மிதித்து அதை இன்னும் கீழே தள்ளினோம். ஐந்து மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுவார்கள். வெறுங்கழுத்தோடு அந்த மனுஷன் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்?

பழைய இரும்பு வாங்கும் உங்களிடம் மண்ணுக்குள் உலோகம் தேடும் மெஷின் இருந்தது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். போன் போட்டார். நீங்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தீர்கள்.

"அழுவாதீங்க தங்கச்சி. தாலி எவ்வளவு பெரிசு?"

"ஒண்ணரை பவுன்" என்றேன். அந்தப் பெண்களிடம் பல வருஷமாக அப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். தாலியை எப்போதும் சட்டைக்குள்ளேதான் போட்டிருப்பேன். அன்று கயிறு மாற்றும்போதும் முந்தானைக்குள் மறைத்துத்தான் மாற்றினேன். அதனால்தானே வழுக்கியது!

"அப்ப நல்ல சத்தம் வரும். கரை முழுக்க சிகரெட் வெள்ளித்தாள். அதுக்கும் மெஷின் கத்தும். மெஷின்ல அந்தச் சத்தத்த அமத்திப்போட்டுத் தேடுவம்" என்றீர்கள்.

மெஷின் கரகரத்தால் ஆணி என்று தாண்டிப் போனீர்கள். கணீரென்றால் தோண்டினீர்கள். இரண்டு ரூபாய்க் காசு வந்தது, பித்தளைத் தாழ்ப்பாள் வந்தது. மூன்று மணியும் ஆயிற்று. "ஆத்தோட போயிரிக்கும் போல" என்று காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினீர்கள்.

மானமா, தாலியா? கிட்ட வந்து மெல்லச் சொன்னேன்: "நானா, நான் சொன்னது பொய். அது குண்டுமணி அளவுதான், மெல்லிசுத் தகடு. தேயிலைத் தோட்டத்துல கல்யாணம் கட்டினப்ப அவ்வளவுதான் முடிஞ்சுது."

திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்: "யா அல்லாஹ்! சின்னத் தங்கமும் வெள்ளித்தாளும் இதுக்கு ஒரே சத்தம். இவ்வளவு நேரமா ஒங்கட தாலிட வாயத்தான் பொத்தி வச்சிரிக்கன். இனி குப்பை எண்டு ஒண்டையும் விட ஏலா."

அப்புறம் மெஷின் வாயே மூடவில்லை. தோண்டத் தோண்ட சிகரெட் தாள், டொபி தாள், மாத்திரை அட்டை. கண்டியில் புகைக்கிற அத்தனை பேரையும் வாயாரத் திட்டினேன். "நானும் சிகரெட் குடிக்கிறவன்தான், கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க" என்றீர்கள். அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன்.

எத்தனையாவது குழியோ, மணலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை மூடிக்கொண்டீர்கள். காட்டுங்க, காட்டுங்க என்று பெண்கள் ஓடிவந்தார்கள். "மொதல்ல தங்கச்சிட கழுத்துக்குப் போகட்டும்" என்று மூடிய கையை என் கைக்கு மேலே வைத்துத் திறந்தீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்க, "நல்ல பாரமான சாமான், பத்திரம்!" என்றீர்கள். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது, நானா. ஐந்து மணிக்கு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் பிழைத்து வந்தார். இதோ, தேத்தண்ணி ஆறிவிட்டதென்று உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார்.

இன்று மத்தியானம் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்கா அந்த மனுஷன் அத்தனை குழி தோண்டினாரு?"

"ஆமாக்கா, இதுக்குத்தான்" என்றேன்.