அளவு நோட்டின் முதல் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று தையல் கடைக்கு வந்த ஒன்பது உருப்படியில் ஏழு கடல் கடந்து வந்தவை. போனில் படம் பார்த்து மலிவாக வாங்குகிறார்கள். வந்ததும் பிடித்துத் தரச் சொல்லி என்னிடம் ஓடி வருகிறார்கள். வங்கிக்காரம்மா கொண்டுவந்த கவுனுக்குள் அவரோடு இன்னொரு வங்கிக்காரம்மாவும் நுழையலாம். "படத்துல அந்தப் பொண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தப் பெண்ணுக்குத்தானே தைத்திருக்கிறான்! அதைச் சொல்லவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கவுனை வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 5

கொக்கி. ஜிப். கொக்கி.

மார்ச் 7, சனி

கூரியர்காரர் ஒரு சாம்பல் நிறப் பார்சலைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். வீடு பூட்டியிருந்ததாம். இந்தப் பார்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியாதா? மேலே என் மனைவியின் பெயர்.

பிரிக்கவில்லை. அழுத்திப் பார்த்தேன். துணிதான். ரேயான் கலப்பு.

இருபத்திரண்டு வருடமாக அவள் உடம்பில் என் தையலைத் தவிர வேறு தையல் பட்டதில்லை. கல்யாணமான மாதம்தான் கடை திறந்தேன். அளவு நோட்டின் முதல் பக்கமே அவள்தான். அதற்குப் பிறகு அவளுக்காக நோட்டைத் திறந்ததே இல்லை. மனப்பாடம்.

வீட்டில் கொடுத்தேன். "ஏதோ பார்சல்" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் பதறுவார்கள்.

மார்ச் 8

இன்று அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அதை வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. அவள் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் பார்த்துவிட்டேன் — பக்கத் தையலில் கோடும் கோடும் சேரவில்லை. கீழ்மடிப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. இடது கையில் நூல் தொங்குகிறது. என்ன லட்சணம் இது?

தோள் மட்டும் அம்சமாக உட்கார்ந்திருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

கேட்டுவிட்டேன்.

"என் தையல் அலுத்துப்போச்சா?"

"தையல்ல என்னங்க குறை? கையைத்தான் தூக்க முடியல."

நோயாளிகளின் ஃபைல்கள் மேல்தட்டில் இருக்கின்றன. நான் தைத்த சட்டையில் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது, முதுகில் இறுக்குகிறது. ஆறு வருடமாக நர்ஸ்தான் எடுத்துக் கொடுக்கிறாளாம். ஆறு வருடம்!

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. மூணு தடவை. 'உன் அளவு எனக்குத் தெரியாதா'ன்னீங்க."

சொன்னேனா? சொன்னேன். அதுவும் பெருமையாக.

"அந்தக் கடைக்காரன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. எங்கெங்க டேப் வைக்கணும்னு படம் போட்டுக் காட்டுறான். என்கிட்ட அளவு கேட்டான்ங்க அவன்."

சண்டைக்கு இழுக்கிற குரலில் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யார் யாரையோ தினமும் அளக்கிறேன். டேப் கழுத்திலேயே தொங்குகிறது, சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை — எத்தனை வருடம் ஆகிறது? என்ன மனுஷன் நான்?

மார்ச் 12

நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் பழுத்துவிட்டது. அதில் இருக்கிறவளுக்கு இருபத்து நான்கு வயது. இத்தனை வருடமும் அந்தப் பெண்ணுக்குத்தான் தைத்திருக்கிறேன். வங்கிக்காரம்மாவைப் பார்த்து மனதுக்குள் சிரித்தது ஞாபகம் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

கடைக்கு வரச் சொன்னேன். அளவு கொடுக்க எல்லோரும் நிற்கிற இடத்தில், கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்.

"கையைத் தூக்கு."

"எவ்வளவு தூக்கணும்?"

"மேல்தட்டு வரைக்கும்."

தூக்கினாள். அளந்தேன். எங்கே பிடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "இதென்ன, புதுசா மரியாதையெல்லாம்?" என்றாள். கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அளவுகளை இங்கே எழுத மாட்டேன். இந்த நாட்குறிப்பை அவள் எடுத்துப் படிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மார்ச் 20, வெள்ளி

நான் தைத்த புதுச் சட்டையில் வேலைக்குப் போய்விட்டு வந்தாள். காபி குடித்து முடித்த பிறகு, "நர்ஸ் கோவிச்சுக்கிட்டா. அவளுக்கு இனி வேலையில்லையாம்" என்றாள்.

மார்ச் 21, சனி

கடைக்குக் கிளம்பும்போது அந்தக் கோடு போட்ட சட்டையைக் கையில் கொடுத்தாள். "நூல் தொங்குது, சரிபண்ணித் தாங்க."

இன்று எட்டு உருப்படி. ஆறு கடல் கடந்து வந்தவை. அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது. நூலை வெட்டினேன். கீழ்மடிப்பைப் பிரித்துச் சமமாக அடித்தேன். பக்கத் தையலைப் பிரித்துக் கோட்டோடு கோடு சேர்த்தேன்.

தோளில் மட்டும் கை வைக்கவில்லை.