கரமடியில் வந்த ஹெலிகாப்டர்

மே 6, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்குது. காற்று இல்லை. கடல் கண்ணாடி மாதிரி.

அம்மா சொன்ன சோலி: தண்ணி கோரி வைக்கணும், நெத்திலி காயப்போட பழைய வலையை விரிக்கணும், கோழியை அடைக்கணும். நான் செய்தது: ஹெலிகாப்டருக்கு வால் மாட்டினேன்.

(இனி இந்த நோட்டில் ஹெ. என்றால் எனக்க ரிமோட் ஹெலிகாப்டர். ஒவ்வொரு தடவையும் முழுசா எழுதினால் மை தீர்ந்துவிடும்.)

டென்த்தில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தாறேன்னு ஜெரால்டு மாமா வாக்குக் குடுத்தது. அம்மாவுக்க தம்பி. கத்தாரில் வெல்டர். வாக்கு கத்தாரிலிருந்து வந்து சேர ஒரு வருசம் ஆச்சு. நான் இப்போ பிளஸ் ஒன்னே முடிச்சாச்சு. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு அம்மா விலையைக் கேட்டு அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இதுவரை ஹெ. விழுந்த இடங்கள்:
பள்ளிக்கூட மைதானம் (மெயின் பிளேடு போச்சு).
சுனாமி காலனி தண்ணித் தொட்டி (ஒரு கால்).
ரெஜின் வீட்டுக் கோழிக்கூடு (வால். கோழிக்கு ஒண்ணுமில்லை, ஆனா முட்டையை நிறுத்திவிட்டதாம்).

ஒவ்வொரு பாகமும் பெங்களூரிலிருந்து கூரியரில் நாகர்கோவில் வரணும். பஸ் ஏறிப் போய் வாங்கணும். ஊருக்கு வருசத்தில் ஒரு திருவிழா. எனக்கு வாரம் ஒரு விழுவிழா.

கோளாறு எங்கேன்னு தெரியும். ஹெ. என்னை விட்டுத் தள்ளிப் போகும்போது இடது இடதுதான். மூக்கை என் பக்கம் திருப்பினால் இடது வலதாகிவிடும். மூளைக்குத் தெரியுது. கட்டைவிரலுக்குத் தெரியலை.

சாயங்காலம் மாமா போன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு.

"லேய் மக்கா, இன்னைக்கி பறத்தினியா?"

"பறத்தினேன் மாமா. வட்டம் போட்டேன்."

"எவ்வளவு பெருசு?"

"நம்ம கோயிலச் சுத்தி."

அந்தப் பக்கம் ரூமில் இருக்கிறவர்களிடம் மாமா சத்தமாக: "கேட்டியளா, எனக்க மருமோன் கோயிலச் சுத்தி வட்டம் போட்டானாம்!" கைதட்டு. விசில்.

நான் போட்டது வட்டம் இல்லை, கோடு. மேலேயிருந்து கீழே.

பிறகுதான் குண்டு. "லீவு கிட்டியாச்சு. அடுத்த சனிக்கெழம வாறேன். வந்தவொடன எனக்கு அந்த வட்டத்தக் காட்டணும், கேட்டியா?"

போனை வைத்தேன். சனிக்கிழமை. வட்டம். மாதாவே.

மே 8, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. பிரசங்கம் நீளம். ஒருத்தனும் கடலுக்குப் போகலை.

மத்தியானம் மைதானத்தில் ஹெ. என் நெஞ்சு உயரம். மூக்கு என் பக்கம். விழவில்லை!! ரெஜின் சாட்சி. இவன் என் கூட்டாளி, எல்லாக் குற்றத்திலும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நாளைக்குத் திங்கள்சந்தைக்குக் கொண்டுபோக மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"பறந்தா எனக்கென்னத்துக்கு? நீ சோத்துக்கு மீன் கொண்டு வா."

ரிமோட் கண்ட்ரோல் என் கையில். வீட்டு கண்ட்ரோல் அவள் கையில்.

மே 10, செவ்வாய்

எழுத்து கோணலாப் போகுது. வரிசையா எழுதணும், இல்லேன்னா நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலை. கடற்கரை. கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வலையை வளைச்சுப் போட்டுவிட்டு, ரெண்டு வடத்தையும் ரெண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும், அது. நான் தள்ளி நின்று ஹெ.வை எழுப்பினேன்.

"வேண்டாம்லே, காத்து வருது," ரெஜின்.

கேட்டேனா? இல்லை. பாதி வட்டம் அழகாப் போச்சு. சத்தியமா. பிறகு மூக்கு என் பக்கம் திரும்பியது. கட்டைவிரல் தன் புத்தியைக் காட்டியது. ஹெ. தண்ணிக்கு மேலே போய், அலை உடைகிற இடத்தையும் தாண்டி, சாய்ந்து, விழுந்தது. சத்தம்கூட இல்லை. கொஞ்சம் தண்ணி தெறிச்சது. அவ்வளவுதான்.

நான் இன்னும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே நின்றேன். அதில் பச்சை லைட் எரியுது. எல்லாம் சரியா இருக்காம்.

"லே... போச்சு," ரெஜின்.

போகவில்லை. அது விழுந்தது கரமடி வளைச்ச இடத்துக்குள்ளே. வலை கரைக்கு வந்தபோது வெள்ளிச் சில்லறை மாதிரி நெத்திலி, நடுவிலே மஞ்சள் தலையோடு எனக்க ஹெ.! நான் சந்தோசத்தில் துள்ளினேன். துள்ளினது நான் மட்டும்தான். பிளேடு வலையின் மடியை, மீன் சேருகிற பையை, கிழிச்சிருந்தது. ஓட்டை வழியா நெத்திலி கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வடம் பிடிச்ச அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

வலைக்காரர் மிக்கேல் அண்ணன்: "இது ஆருக்க சாமானம்லே?"

"எனக்கதுதான் அண்ணே."

"உனக்கதா? வலையில வந்தது வலைக்கி."

எங்க கரையில் சட்டம் அது. மீனோ, மரத்தடியோ, என்ன வந்தாலும் ஏலம். கிழிஞ்ச வலைக்கு யார் பதில் சொல்லுவா? நியாயம் அவர் பக்கம்.

ஏலம் விளிக்கிறது சூசை அண்ணன். இவருக்கும் எனக்கும் பழைய கணக்கு. போன வருசம் வள்ளத்துக்குப் பின்னாலே ஒளிஞ்சு, பொம்பளைக் குரலில் விலை ஏத்திவிட்டு ஓடினேன். ஒரு குவியல் சாளை மீன் வாங்க ஆளில்லாமல் அவர் தலையிலேயே விழுந்தது. இன்னைக்கு அவர் முகத்தில் கிறிஸ்மஸ்.

ஹெ.வை மணலில் வைத்தார். மீனுக்குத் தெளிக்கிற மாதிரி தண்ணி தெளித்தார்.

"கேட்டுக்கிடுங்க! முள்ளில்லாத மீனு! செதில் எடுக்க வேண்டாம்! வாலு மட்டும் கொஞ்சம் நீளம்!"

கரையே சிரிச்சது. நெத்திலி எடுக்க வந்த குளச்சல் வியாபாரி காதர் பாய் முதல் விலை சொன்னார். "எனக்க மோன் இதக் கேட்டு அழுதுட்டே கெடக்கான்." யாரோ ஏத்தினான். பாய் இன்னும் ஏத்தினார். என் நிக்கர் பையில் இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர்.

"நீ விளிக்கலியா மக்கா?" சூசை அண்ணன். "உனக்கு நல்லா வருமே."

நான் பைக்குள்ளே ஸ்க்ரூடிரைவரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அப்போ பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், பாய் சொன்னதுக்கு மேலே ஒரு விலை.

சூசை அண்ணன் என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். "லேய், பின்னயும் தொடங்கிட்டியா?"

நான் இல்லை. அம்மா. இடுப்பில் காலிக் கூடை.

பாய் ஏத்தினார். அவர் முடிக்கும் முன்னே அம்மா ஏத்தினாள். சாளை வாங்கும்போது இருக்கிற அதே முகம். கண் இமைக்கலை.

"தங்கச்சி, இது மீனில்ல கேட்டியா," பாய்.

"எனக்குக் கண்ணு தெரியும். நீங்க விளிக்குதியளா, இல்லியா?"

பாய் சிரிச்சுக்கொண்டே கையை விரித்தார். ஒரு தரம். ரெண்டு தரம். மூணு.

அம்மா மடியை அவிழ்த்துக் குடுத்தது இன்னைக்கு மீன் எடுக்க வைச்சிருந்த கைமுதல். முழுசும். கூட வந்த பொம்பளைகள் மீன் எடுத்து பஸ்ஸுக்குப் போனார்கள். அம்மா போகலை.

"அம்மா..."

"எனக்க தம்பி வெயிலுல நிண்ணு சம்பாதிச்சது. அது அடுத்த வீட்டுக்குப் போவாது."

ஹெ.வைக் கூடையில் வைத்தாள். கூடையைத் தலையில் வைத்தாள். நடந்தாள். வழியெல்லாம் ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் பின்னாலே.

அப்புறம் நாள் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்.

மே 11, புதன்

மேகமே இல்லை.

கடலுக்குப் போய் வந்த அப்பா ஹெ.வைப் பார்த்தார். "எஞ்சின் உப்புத் தண்ணில விழுந்தா என்ன செய்வோம்? நல்ல தண்ணில முக்கணும்." கிணற்றுத் தண்ணி, பெரிய சருவப்பானை. முக்கி எடுத்தோம், ஞானஸ்நானம் மாதிரி. பேர் வைக்கத்தான் பாதிரியார் இல்லை. அடுத்து மண்ணெண்ணெயைத் தூக்கினார். காலைப் பிடிச்சுத் தடுத்தேன்.

பேட்டரியை அம்மா முந்தானையால் துடைத்தாள். நெத்திலி காயும் வலையில், நெத்திலிக்கு நடுவிலே வைத்தாள். நானும் பார்த்தேன். சரின்னுதான் பட்டது. எங்க கரையில் நனைஞ்ச எதுக்கும் மருந்து வெயில்தான். மீன், வலை, பாடப்புத்தகம், போன மழையில் நனைஞ்ச ரேஷன் கார்டு, எல்லாம் அந்த வலையில் காய்ஞ்சதுதான்.

மத்தியானம் ரெஜின் கூப்பிட்டான். "லே, இது மூச்சு விடுது."

பேட்டரி பேத்தை மீன் மாதிரி உப்பியிருந்தது. ஓடிப் போய் எடுக்கலாமான்னு கை நீட்டினேன். உஸ்ஸ்ஸ். வெள்ளைப் புகை. பிறகு தீ. திரி மாதிரி இல்லை, குழாயைத் திறந்த மாதிரி. வலை பிடிச்சது. நெத்திலி பிடிச்சது. அம்மா கூடை கூடையா மணலை அள்ளிக் கொட்டினாள். அப்பா தண்ணி எடுக்கப் போய் கோழியை மிதிச்சார்.

அணைஞ்ச பிறகு அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எத்தன வருசமா நெத்திலி காயப்போடுதோம். வலையில வச்சே வறுத்தது இன்னைக்கிதான்," என்றார்.

சிரிக்க முடியலை. அது தீப்பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலேதான் அம்மா அங்கே குந்தியிருந்து நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையாலே. பேட்டரியையும் திருப்பிப் போட்டாளாம், மறுபக்கம் காயட்டும்னு.

அதை நினைச்சா இந்தப் பேனா ஓட மாட்டேங்குது.

மே 12, வியாழன்

நேத்தைய பதற்றம், வெப்ராளம், அடங்கலை. காலையிலே ரெஜினுக்க போனிலிருந்து மாமாவுக்கு மிஸ்டு கால். கூப்பிட்டார்.

"மாமா, வரும்போது ஒரு பேட்டரி..."

"உள்ளது என்னாச்சு?"

"நல்லா இருக்கு. சும்மா, ஸ்பேருக்கு."



"லேய், நெத்திலி நல்லா வெந்துதா?"

தலையில் தேங்காய் விழுந்த மாதிரி. மிக்கேல் அண்ணனுக்க தம்பி மாமாவுக்க கேம்பில்தானே இருக்கான்! என் ஹெ. ஏறாத உயரத்தில் என் கதை ஏறி, கத்தாரில் இறங்கியாச்சு.

"இங்க எல்லாரும் அந்த ஏலத்தத்தான் பேசுதானுவ. கோயிலச் சுத்தி வட்டம் போட்டியோ?"

"பாதி போட்டேன் மாமா. கோயில் இல்லாம."

மாமா சிரிச்சாரா இருமினாரா தெரியலை. "அக்கா அன்னைக்கி சந்தைக்குப் போவலியாமே," என்றார். "பேட்டரி கொண்டாறேன். அது பறக்கணும் மக்கா. அவ ஒரு நாள் சோலிய விட்டு எடுத்தது."

பறக்குமா? உள்ளே உப்பு என்ன செய்திருக்கோ. பேட்டரி போட்டால்தான் தெரியும். அதுவரைக்கும் அது கொடியில் தொங்குற பொணம்.

மே 13, வெள்ளி

ஓட்டு எண்ணிக்கை. எல்லா வீட்டிலும் டிவி. வெடிச் சத்தம் ஒவ்வொண்ணுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுது.

அம்மா இன்னைக்குப் பேசினாள். "அந்த வாலு சரிஞ்சு நிக்கி. பாக்கலியா?" அவ்வளவுதான். பார்த்தேன். சரிஞ்சுதான் நிக்குது. அவள் எப்போ பார்த்தாள்?

மே 14, சனி

காற்று கம்மி. அலை கம்மி. ஆள் நிறைய.

மாமா திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். செண்டு வாசம் தெருமுனை வரைக்கும். பெட்டியைக்கூடத் திறக்கலை, கைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்தார். "வாலே, கரைக்கி."

பின்னாலேயே பாதி ஊர். மிக்கேல் அண்ணன், சூசை அண்ணன், காதர் பாய் வேனை அப்படியே விட்டுவிட்டு.

பேட்டரியை மாட்டினேன். ஒண்ணுமில்லை. பிறகு, பீப். வால் லேசா அசைஞ்சது. உயிர் இருக்கு!!

மாமா ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். குடுத்தேன்.

"நில்லு."

அம்மா.

"இத ஏலத்துல எடுத்தது ஆரு?"

எல்லாரும் சூசை அண்ணனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "நியாயம் நியாயந்தான். எடுத்தது அவ. சாமானம் அவளுக்கது."

மாமா வாய் திறந்தபடி. நானும். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு ரிமோட்டை வாங்கினாள். இது கனவா இருந்தா நான் இப்போ முழிச்சிருக்கணும்.

"இடது குச்சிய மேல தள்ளணும்மா. பைய. பைய."

"நீ வாய மூடு."

பிளேடு சுத்தியது. மணல் பறந்தது. எல்லாரும் பின்னாலே நகர்ந்தார்கள். முழங்கால். இடுப்பு. தலைக்கு மேலே! நின்றது. அசையாமல். அம்மாவுக்க வாய் குழந்தை மாதிரி லேசாத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் முன்னே கண்டதே இல்லை.

அப்போ மூக்கு எங்க பக்கம் திரும்பியது.

"வலது!" என்று கத்தினேன். "இல்ல, இடது!"

"மாதாவே!" ரிமோட்டை வீசிவிட்டு அம்மா ஓடினாள். ஊரே ஓடியது. ஹெ. சூசை அண்ணனுக்க காலடியில் தலைகுப்புற. பிளேடு ரெண்டா. வால் வளைஞ்சு.



நான் அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு மாமாவைப் பார்த்தேன். மாமா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி வந்தாள். குனிஞ்சு ஹெ.வை எடுத்தாள். மணலைத் தட்டினாள். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி அங்கங்கே தூக்கிப் பார்த்தாள்.

"இந்த வாலு எங்கலே கிட்டும்?"

"பெங்களூரும்மா."

"எக்கா, அடுத்த தடவ நான்..." மாமா தொடங்கினார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்:

"ரெண்டெண்ணம் வரச் சொல்லு. இன்னும் ஒண்ணு ஒடையும்."