கஜானா சாவி

பிரபவ வருஷம், வைகாசி

சௌபாக்கியவதி அம்ருதவல்லிக்கு ஆசீர்வாதம். இங்கு நான் சௌக்கியம். உன் மூட்டுவலி எப்படி? ஹேமா சரியாகச் சாப்பிடுகிறாளா?

வக்கீலாகப் பிழைக்க வந்த என்னை இந்தச் சமஸ்தானத்துக் கஜானாவுக்கே அதிகாரியாக்கிவிட்டார்கள். ஆனால் சாவியை இன்னொருவர் ஏற்கும்வரை அதிகாரி எல்லை தாண்டக் கூடாது. ராஜினாமா செய்தாலும் அப்படித்தான். சாவியை ஏற்க இங்கே ஒருவரும் முன்வரவில்லை. நம் பெண்ணின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போய்வருகிறேன் என்று மூன்றாம் முறையாகக் கெஞ்சினேன். "சட்டம் சட்டந்தானே, வக்கீல் சாகிப்!" என்று திவான் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஹேமாவை உன் அண்ணாவும் மன்னியும் தாரை வார்த்துக் கொடுக்கட்டும். கூறைப்புடவை நெய்த பட்டில் ஓர் இழை வாங்கி அனுப்பு, நிறத்தையாவது பார்க்கிறேன். திருமண்ணும் தீர்ந்துவிட்டது.

தபால்பையைக் கட்டுகிறார்கள். குழந்தையிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே. வக்கீலாக இருந்தபோது அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

யதிராஜன்