மாயி, பாயி

கபுலுசி,
மழைக்கு முந்தைய வெயில் காலம்.

அன்புள்ள லோசித்தாவுக்கு,

உன் தோழி எனெலெஸ் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். நீயும் ஜோகன்னஸ்பர்கில் உன் எஜமானி வீட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இதைப் பேருந்து நடத்துனரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். போன தடவை மாதிரி தொலைத்துவிட்டு வந்து என்னிடம் பல்லைக் காட்டினான் என்றால் அந்தப் பல்லுக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டிருந்தாய்: "தாவோனா ஏன் வாயே தொறக்க மாட்டேங்குறா? எம்மேல அவ்வளவு கோவமா?" என்று. உன்னை நினைத்து ஏங்கி ஊமையாகிவிட்டாள் என்று உன் அண்ணன் ஃப்ளைசன் வீட்டில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். லோசித்தா, எங்காவது உட்கார்ந்துகொண்டு மேலே படி. உன் மகளுக்குக் காது கேட்கவில்லை. நீ போன பிறகு அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாள் அல்லவா, அந்தக் காய்ச்சல்தான் காதைக் கொண்டுபோய்விட்டது. உன்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை.

எனக்கே இது தெரிய வெகுகாலம் ஆயிற்று. என் வகுப்பில்தான் இருந்தாள், பின்வரிசையில். முரட்டுப் பெண் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் மணி அடித்தார்கள். நம் பள்ளியின் மணி உனக்கு நினைவிருக்கும், மாமரத்தில் தொங்கும் அந்தப் பழைய லாரிச் சக்கர வளையம்தான். அதற்கு நேர் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள். அவள் மட்டும் மண்ணில் கோழி வரைந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் போய் நின்று கை தட்டினேன், அவள் கோழிக்கு வால் வரைந்தாள்.

அரசாங்கம் கட்டணத்தை நீக்கியதிலிருந்து பள்ளியில் கால் வைக்க இடமில்லை. நீ படித்த காலத்து வகுப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. என் வகுப்பு மரத்தடியில் நடக்கிறது, கடைசிப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. எல்லாருக்கும் ஒரே பாடத்தைப் பலகையில் எழுதிப் போட்டுக் கத்துவதை அன்றோடு நிறுத்தினேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மண்ணில் விரலால் எழுதும் பாடம். கூட்டல் வராதவர்களுக்கு அவரைக்கொட்டை. வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். நிறமில்லாமலே பிறந்த, வெயில் ஆகாத வெள்ளைத்தோல் குழந்தை ஒருத்தி இருக்கிறாள், பலகை அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவளை அடர்ந்த நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பலகையை நான் அவளிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். தலைமையாசிரியர் கச்சிங்வே வந்து பார்த்துவிட்டு, "இது வகுப்பா, சந்தையா டீச்சர்? ஒரு மணிக்கு ஒரு பாடம்னுதான் மேல எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார். "சந்தையிலதான் சார் அவங்கவங்களுக்கு வேண்டியது கெடைக்கும்" என்றேன். முறைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாவோனாவுக்கு என் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். காய்ச்சலுக்கு முன்னாலேயே பேசத் தெரிந்த பிள்ளை என்பதால் சொற்கள் உள்ளே எங்கோ இருக்கின்றன. முதலில் அவள் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். பெரியவர்கள் முன்னால் முழங்கால் போட்டு, கண்ணைத் தரையில் வைத்துத்தானே நீயும் நானும் வளர்ந்தோம், அவளும் அப்படியே. நான் தாடையைப் பிடித்து நிமிர்த்துவேன், கண் மறுபடி கீழே போகும். மறுபடி நிமிர்த்துவேன். இப்போது பருந்து மாதிரி பார்க்கிறாள். 'தண்ணீர்', 'ஆடு', 'உட்கார்' எல்லாம் பிடிபட்டுவிட்டன. அவளுக்கே உரிய ஒரு குரலில் என் பெயரையும் சொல்கிறாள். கேட்டால் நீ சிரிப்பாய், பிறகு அழுவாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் விடைபெறுவதற்கு "பாயி, பாயி" என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அந்த நேரம் வந்தால் இவள் மட்டும் பெரிய சாலையைப் பார்த்து ஓடுவாள். சாலையோரம் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகு மெல்லத் திரும்பி வருவாள். தினமும் இதேதான். வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறாள் என்று உன் அண்ணி ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் புரியவில்லை. ஒருநாள் கண்ணாடியில் தலை வாரும்போது நானே சொல்லிப் பார்த்தேன். சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து 'பாயி' என்று சொல்லிப் பார், பிறகு அம்மாவைக் கூப்பிடுகிற 'மாயி'யைச் சொல்லிப் பார். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அத்தனை பிள்ளைகளும் தினமும் தன்னைப் பார்த்து 'அம்மா, அம்மா' என்று சொல்வதாக, நீ பேருந்தில் வந்துவிட்டதாக நினைத்து அவள் ஓடியிருக்கிறாள்.

அன்று முதல் என் வகுப்பில் யாரும் பாயி சொல்வதில்லை. கையை மட்டும் ஆட்டுகிறோம். சொல்லிவைத்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

உன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுது. காது விஷயத்தை நான் சொன்னால், "ஊர்ப்புள்ளைக்கெல்லாம் வியாதி கண்டுபுடிக்க வந்துட்டீங்களா டீச்சர்" என்கிறார். தங்கை நீ சொன்னால் கேட்பார். உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

என்றும் உன்,
எனெலெஸ்

*

கபுலுசி,
மழை பிடித்துவிட்டது.

அன்புள்ள லோசித்தாவுக்கு,

நலம் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க மனம் வரவில்லை. தாவோனா உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். வலது கண்ணில் அடி. மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டேன். நர்ஸ் கட்டைச் சரிசெய்தாள்.

நடந்தது இதுதான். உன் அண்ணனுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. தீர்த்துவைக்க ஊர்த்தலைவரே உன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுக்கத் தாவோனாவை அனுப்பினார்கள். ஒழுங்காகத்தான் முழங்கால் போட்டாள், இரண்டு கையாலும்தான் கொடுத்தாள். தலைவர் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், அவள் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தாள். தலைவர், "என்ன ஃப்ளைசன், ஒம்மருமக எம்பல்ல எண்ணுறா? சின்னப் புள்ளையவே அடக்கத் தெரியல, நீ வரப்பப் பத்திப் பேச வந்துட்ட" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். வரப்பு பக்கத்து நிலத்துக்காரருக்குப் போய்விட்டது. அவர்கள் எழுந்து போன பிறகு உன் அண்ணன் மண்வெட்டிக் காம்பை எடுத்தார்.

பட்ட கஷ்டமெல்லாம் பார்த்துவிட்டோம் என்ற பொருளில் அவளுக்குத் 'தாவோனா' என்று பெயர் வைத்தாய். பார்த்ததற்குத்தான் அடி வாங்கினாள்.

நான் அன்று சாயங்காலமே போய் அவரைக் கண்டபடி திட்டினேன். உன் அண்ணனைத் திட்டியது தப்பென்றால் மன்னித்துக்கொள், மன்னிக்காவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை. அவர் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க பாடத்தச் சொல்லிக்குடுங்க, மரியாதைய நாங்க பாத்துக்குறோம்னுதான் டீச்சர் அனுப்புனேன். இருந்த மரியாதையும் போச்சு" என்றார். மறுநாள் விடியும் முன்பே அவளைச் சைக்கிளில் வைத்துச் சேற்றில் மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர்தான். வெறுக்கவாவது முடிந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

எனக்கு என்மேல்தான் ஆத்திரம். முகத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தேன். யார் முகத்தை, எப்போது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைக்கு ஏற்ற மாதிரி பாடத்தை வளைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஊர் வளையாது என்பதை யோசிக்கவே இல்லை. கச்சிங்வேயும் வந்து இதையே சொன்னார், "சொன்னேன்ல டீச்சர்" என்று.

இனி பள்ளி வேண்டாம் என்கிறார் உன் அண்ணன். அவர் மனைவியின் உறவுக்காரர்கள் புகையிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அங்கே அனுப்பப் போகிறாராம். "எலையத் தொட்டுப் பாத்துக் கட்டுறதுக்குக் காது எதுக்கு" என்கிறார். லோசித்தா, தோட்டத்துக்குப் போன பிள்ளை திரும்பிப் பள்ளிக்கு வந்து நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இனி அவளுக்கு ஒரு கண்தான் காது. அந்தப் புகையும் தூசியும் அதையும் தின்றுவிடும். என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். "அவ அம்மா சொல்லட்டும், விட்டுர்றேன். மாமன் நானிருக்க, கேக்காம அடுத்த வீட்டுக்கு அனுப்புனா நாளைக்கு எந்தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்கிறார். உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி போதும். 'எனெலெஸிடம் இருக்கட்டும்' என்று எழுது. நடத்துனர் திரும்பி வரும் வண்டியிலேயே கொடுத்துவிடு.

அவளைக் கர்த்தர் காக்கட்டும். நீ எழுது.

உன்,
எனெலெஸ்

*

கபுலுசி,
புகையிலை பறிப்பு தொடங்கிவிட்டது.

லோசித்தா,

உன் பதில் கிடைத்தது. 'அண்ணன் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வேன், எனக்கு நாளைக்கு ஒன்று என்றால் என் உடம்பை வாங்கிக் குழியில் வைக்க அவரை விட்டால் யார், அவருக்கு எது நல்லதென்று படுகிறதோ அதைச் செய்யட்டும்' என்று எழுதியிருந்தாய். உன்னை நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு நாலு நாள் அலைந்தேன், பிறகு அதுவும் போய்விட்டது. அவ்வளவு தூரத்தில், அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு, செத்தால் யார் தூக்குவார்கள் என்று நினைக்கிறவளிடம் நான் என்ன கேட்பேன். வேடிக்கை பார்த்தாயா, உன் அண்ணன் உன் சொல்லுக்குக் காத்திருந்தார், நீ அவர் சொல்லுக்குக் காத்திருந்தாய். உன் கடிதத்தை அவரிடமே காட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப அவளும் தோட்டம் வேணாம்னு சொல்லல" என்றார். 'இருக்கட்டும்' என்ற சொல்லும் அதில் இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

வலது கண் போய்விட்டது. வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லை.

நேற்றுக் காலை தோட்டத்து லாரி வந்தது. பள்ளிக்கு எதிரில்தான் நிற்கும் என்று உனக்குத் தெரியும். நீ அனுப்பிய செருப்பைப் போட்டிருந்தாள். இப்போதே சின்னதாகிவிட்டது, குதிகால் வெளியே தொங்கியது. என் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினார்கள், நான் தடுக்கவில்லை. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் கையை மட்டும் ஆட்டினார்கள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. அந்த வெள்ளைத்தோல் குழந்தை வெயிலில் வந்து நின்று கையாட்டினாள். தாவோனா லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பாடத்தை அவளுக்கு யாரோ நன்றாகவே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் லாரியின் அருகில் போய் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன், முன்பு செய்தது போல. இருக்கிற கண்ணால் என்னைப் பார்த்தாள். லாரி கிளம்பியது. லோசித்தா, ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். அழுகையில் எனக்கே மறந்துவிட்டது. என் வாய் "பாயி" என்று சொல்லிவிட்டது.

அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். சிரித்தாள். அந்த ஒற்றைக் கண்ணால் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள். உட்காரச் சொல்லி யாரோ அவள் துணியைப் பிடித்து இழுத்தார்கள், அவள் உட்காரவில்லை. "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். கையை ஆட்டினால் என்ன பொருள் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்ததும் நான்தானே. அவளும் திரும்பிக் கையை ஆட்டினாள். லாரி வளைவில் திரும்பும்வரை அவள் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

உன்னை வையவில்லை, சபிக்கவில்லை. உன் எஜமானி எப்போதாவது விடுமுறை கொடுத்தால், அண்ணன் வீட்டுக்குப் போகும் முன், எந்த வீட்டுக்கும் போகும் முன், பேருந்திலிருந்து தோட்டத்து வாசலில் இறங்கு. அவள் உன்னைப் பார்க்கிற மாதிரி, இடது பக்கமாக நில். நான் அவளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், லோசித்தா. நீ வந்தால் அது பொய்யில்லை.

கர்த்தர் உனக்கு நல்ல கால்களைக் கொடுக்கட்டும்.

எனெலெஸ்