ஜித்தாவில் இறங்கியவர்கள்

1996 அக்டோபர், வெள்ளி

ஆதம் நபி கதையை என்னைப்போல் சொல்ல இந்தத் தாலுகாவிலேயே ஆள் கிடையாது. சுவர்க்கத்தில் தின்னக்கூடாது என்று விலக்கியது கோதுமையைத்தான் என்பார்கள். அதில் ஒரு மணி பேராவூரணித் தேங்காய் அளவு என்பது என் சேர்மானம். தின்றதும் ஆதமை இலங்கையிலும் அவர் மனைவி ஹவ்வாவை ஜித்தாவிலும் இறைவன் இறக்கிவிட்டான் என்று இன்று தங்கச்சி மகள் சபியாவுக்குச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

“மாமா, அத்தாவும் ஜித்தாவுலதானே இருக்காங்க. தினம் கோதுமை ரொட்டிதான்னு கடுதாசி போட்டாங்களே. இனிமே வீட்டுக்கு விடமாட்டாங்களா?”

“அடி போடி. ஆதமும் ஹவ்வாவும் கடைசியில சேந்துட்டாங்க.”

“எத்தனை வருஷம் கழிச்சு?”

எதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறவன் நான். அடுப்படியிலிருந்து தங்கச்சி, “சொல்லுங்கண்ணே. ஜித்தாவே சொர்க்கம்னு நீங்கதானே அவங்கள அனுப்பிவச்சீங்க” என்றாள்.

உண்மைதான். பம்பாயைக்கூடப் பார்க்காத நான்தான் சபியாவின் தகப்பனான மச்சானிடம் அப்படி அளந்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். கோதுமையைத் தின்னத் தூண்டிய ஷைத்தானும் ஆதமிடம் நல்லதுக்கு என்றுதானே சொன்னான்? அவன் தெரிந்து சொன்னான், நான் தெரியாமல் சொன்னேன். இது எதில் சேரும் என்று புரியவில்லை.

ராத்திரி தங்கச்சி சப்பாத்தி போட்டாள். சபியா தொடவில்லை. எட்டு தின்கிற நானும் இரண்டோடு எழுந்துவிட்டேன்.