அது யாருடைய முகம்

பக்கத்து வீட்டில் இன்று காலை உடைந்த ஃபைபர் கதவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரெசின் வாடை ஜன்னல் வழியே வந்ததும், அண்ணன் வந்துவிடுவார் என்று ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அண்ணன் இப்போது காங்கேயத்தில் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்களோ போன மாதமே இறந்துபோனீர்களாம். பழைய கம்பெனித் தோழி போனில் சொன்னாள். யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டேன், சொல்லுங்கள்?

நல்லூர் பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். அண்ணன் அங்கேயே கட்டிங் மாஸ்டர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது துணியைப் போட்டுக் காட்ட, சாம்பிள் ரூமுக்கு ஒரு பெண் பொம்மை வேண்டுமென்று முதலாளி உங்களை வரவழைத்தார். கோயில் சிலை செய்கிற குடும்பத்தில் பிறந்து கடைப் பொம்மை செய்து பிழைத்தவர் நீங்கள். செக்கிங் டேபிள் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டீர்கள். "ஏனுங்க, உங்க மொகத்தைப் பாத்துச் செஞ்சுக்கட்டுங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குப் பகீரென்றது. ஆனாலும் வந்தேனே!

ஓவர்டைம் என்று அம்மாவிடம் பொய் சொல்லுவேன். காயின் பாக்ஸிலிருந்து உங்கள் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால். பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, பல்லடம் ரோட்டிலிருந்த உங்கள் ஷெட்டுக்கு பஸ் ஏறுவேன். அங்கே பொம்மை வார்க்கிற ரெசின் வாடைக்கு நடுவே பெயின்ட் டப்பா மேல் உட்கார வைப்பீர்கள். வெளியே பைக் சத்தம் கேட்டால் துள்ளி எழுவேன். "அசையாதீங்க அம்முணி, மூக்கு கோணிக்கும்" என்பீர்கள். உங்களுக்கு மட்டும் பயமில்லையாக்கும்! அந்த பைக் போகிறவரை உங்கள் கை களிமண்ணிலேயே நின்றுவிடும். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் சேர்ந்து காதலித்தோம்.

ஒருநாள் களிமண் முகத்தைப் பார்த்தபடியே, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றீர்கள்.

"அதுகிட்டக் கேக்கறீங்களா, என்கிட்டக் கேக்கறீங்களா?"

"ரெண்டு பேர்கிட்டயுந்தானுங்க."

"எனக்குச் சம்மதமுங்க. அதுகிட்ட நீங்களே கேட்டுக்கங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பேசியதில்லை.

கடைப் பொம்மையில் யார் சாயலும் தெரியக் கூடாது, கடைசியில் தேய்த்து மழுப்பிவிடுவேன் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பித்தான் உட்கார்ந்தேன். ஆனால் சின்ன வயதில் விழுந்து தாடையில் தையல் போட்ட தழும்பைத் தேய்க்க உங்களுக்கு மனசு வரவில்லை. "அதை எடுத்தா நீங்க வேற யாரோ ஆயிடறீங்க" என்றீர்கள். அட பாவி மனுசா!

பொம்மை கம்பெனிக்கு வந்த அன்று, நான் பார்ப்பதற்குள் அதற்கு எக்ஸ்போர்ட் சரக்கை மாட்டிவிட்டார்கள். ஜட்டியும் கையில்லாத பனியனும். அந்தக் கம்பெனியில் தைப்பதே அதுதான். நாளெல்லாம் அதையே பிரித்துப் பிரித்துப் பார்க்கிற எனக்கும் பொம்மைக்கு அதைத்தான் மாட்டுவார்கள் என்று தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து அதன் ஸ்டாண்டை முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போது அண்ணன் உள்ளே வந்தார்.

"இது யார்ரா மொகம்?"

ஏதாவது புத்தகத்தில் பார்த்தது என்று சொல்லிவிடுங்கள் என மனதுக்குள் உங்களைக் கும்பிட்டேன். சொல்லியிருந்தால் தப்பியிருப்பீர்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"உங்க தங்கச்சி மொகமுங்க. நாங்க கட்டிக்கலாம்னு இருக்கறமுங்க."

அண்ணன் உங்களை ஒன்றும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பி, "நெசமா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கத்தினால்கூடத் தாங்குவேன். அந்த மெதுவான குரல்தான் எனக்கு எமன்.

"இல்லீங்கண்ணா. இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அண்ணனிடம், "ஆமாங்க, நாந்தான் தப்பாச் சொல்லிட்டனுங்க. அவிங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. நான் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் செய்தேன்.

அந்த வாரமே நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டீர்கள். மூன்று மாதத்தில் எனக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

இத்தனை வருடமும் அண்ணனுக்குப் பயந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. நீங்கள் எங்காவது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்துவிடுவீர்களோ என்றுதான் பயந்திருக்கிறேன். திட்டினால் பரவாயில்லை. "நல்லா இருக்கீங்களா அம்முணி?" என்று கேட்டுவிடுவீர்களே!

இனி வரமாட்டீர்கள். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று, அன்றைக்குச் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னேன். "நெசந்தானுங்கண்ணா. அது என்ற மொகந்தானுங்க. நான் இவரைத்தான் கட்டிக்குவேன்."

சொல்லி முடித்ததும், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன்.